அணுத்துகள் ஆய்வுத் தரவுகள்: ஜெனீவாவில் விதி உண்டு, இங்கே?

புது தில்லி: கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கத்தில், தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 2.3 கிலோ மீட்டர் ஆழத்தில், 1965-ஆம் ஆண்டு இயற்பியல் உலகம் நெடுநாள் தேடிய ஒரு சுவடு பதிவாயிற்று. காற்றுமண்டலத்தில் காஸ்மிக் கதிர்கள் மோதும்போது பிறந்து, பாறையை ஊடுருவி வந்த நியூட்ரினோவின் சுவடு அது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றின் விஞ்ஞானிகளும் கூட்டாக நடத்திய ஆய்வு. அதே ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ஃபிரெடரிக் ரெய்ன்ஸின் குழுவினரும் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதே கண்டுபிடிப்பைத் தனியே நிகழ்த்தினர். அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்த ஒரு நாடு, அறிவியலின் முன்வரிசையில் போய் நின்ற தருணம் அது.

பாரத தங்கச் சுரங்க நிறுவனம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. ஆழத்தில் இருந்த ஆய்வுக்கூடங்கள் அதற்கு முன்பே, 1990-களின் தொடக்கத்திலேயே பணியை முடித்துக்கொண்டன. பின்னர் சுரங்கத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டது. எனவே அந்தச் சோதனையை அந்த இடத்தில் இனி எவரும் திரும்பச் செய்ய இயலாது. எஞ்சியிருப்பவை ஆய்வுக் கட்டுரைகளும், அவற்றுக்கு அடிப்படையாக இருந்த பதிவுகளும் மட்டுமே.

அந்தப் பதிவுகளுக்கு இன்று என்ன தேவை என்று கேட்கலாம். தேவை இருந்தது என்பதற்குச் சென்னையே சாட்சி. நியூட்ரினோவைத் தேடிக்கொண்டிருந்த கோலார் கருவிகளில், வழக்கமான விளக்கத்துக்கு அடங்காத சில நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. பாறைக்கும் கருவிக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் எங்கோ ஒரு துகள் சிதைந்து, பல கிளைகளாகப் பிரிந்து வந்ததைப் போன்ற தடங்கள் அவை. 1975-இல் இவை பற்றிய கட்டுரை வெளியானபோது உலகெங்கும் பரபரப்பு எழுந்தது. முடுக்கிகளில் தேடிப் பார்த்தும் அத்தகைய துகள் சிக்கவில்லை. விஷயம் மெல்ல மறக்கப்பட்டது. ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எம்.வி.என். மூர்த்தி, ஜி. ராஜசேகரன் இருவரும் அந்தப் பழைய நிகழ்வுகளை மீண்டும் எடுத்து ஆராய்ந்தனர். பிரபஞ்சத்தில் நிறைந்திருப்பதாகக் கருதப்படும் கரும்பொருளின் துகள்கள் சிதைந்ததால் அவை தோன்றியிருக்கக் கூடுமா என்று 2014-இல் 'பிரமாணா' இதழில் கேள்வி எழுப்பினர்.

அவர்களின் ஊகம் சரியா, தவறா என்பது வேறு விவாதம். 1975-இல் கேட்டிருக்க முடியாத ஒரு கேள்வியை 2014-இல் கேட்க முடிந்தது. அதற்குக் காரணம் பழைய விவரங்கள் அழியாமல் இருந்ததுதான். மக்கள் பணத்தில் திரட்டப்படும் துகள் இயற்பியல் தரவுகளைச் சோதனை முடிந்த பின் யார் பாதுகாப்பது, எவ்வளவு காலம் பாதுகாப்பது, வேறு ஒருவர் கேட்டால் கொடுக்க வேண்டுமா என்ற கேள்விகள் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

பெட்டியில் பூட்டினால் போதாது

தரவைப் பாதுகாப்பது என்றதும் காந்த நாடாக்களை அலமாரியில் அடுக்கிப் பூட்டுவது என்றே பலரும் எண்ணுகின்றனர். துகள் இயற்பியலில் அது பாதி வேலைகூட அல்ல. ஒரு மோதலில் கருவி பதிவு செய்வது லட்சக்கணக்கான மின் சமிக்ஞைகளை. எந்தக் கம்பியில் வந்த சமிக்ஞை எந்தத் திசையைக் குறிக்கிறது, அன்றைய தினம் கருவியின் எந்தப் பகுதி பழுதாகி இருந்தது, காந்தப் புலத்தின் வலிமை எவ்வளவு, மின்னழுத்தம் எவ்வளவு என்பனவெல்லாம் தெரிந்தால்தான் அந்த எண்களுக்குப் பொருள் உண்டு. அவற்றைத் துகள்களின் பாதைகளாக மாற்றித் தரும் மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருள் ஓடக்கூடிய கணினி வேண்டும். இவை எல்லாம் இருந்தும், ஆய்வில் ஈடுபட்டோர் எங்கும் எழுதி வைக்காமல் மனத்தில் மட்டும் வைத்திருந்த நுணுக்கங்கள் அவர்கள் ஓய்வுபெறும்போது அவர்களோடு போய்விடுகின்றன. எழுதியவர் மட்டுமே படிக்கக்கூடிய கையெழுத்தில் அமைந்த கணக்குப் புத்தகம் போன்றது இது.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள 'டெசி' ஆய்வகத்தின் அனுபவம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கே 'பெட்ரா' என்ற முடுக்கியில் 1979 முதல் 1986 வரை 'ஜேட்' என்ற சோதனை நடைபெற்றது. எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோதவிட்ட சோதனை. முடிந்தது, கட்டுரைகள் வெளியாயின, குழு கலைந்தது. 1990-களின் நடுவில், அணுக்கருவைக் கட்டிவைக்கும் வலுவிசை, ஆற்றல் கூடக் கூடக் குறைகிறது என்ற கோட்பாட்டைக் கூர்மையாகச் சோதிக்கும் புதிய கணக்கீட்டு முறைகள் உருவாகியிருந்தன. உயர் ஆற்றல் தரவுகள் கைவசம் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்கக் குறைந்த ஆற்றலில் தரவு வேண்டும். ஆனால் அந்த ஆற்றலில் இயங்கும் அத்தகைய முடுக்கி உலகில் எங்கும் அப்போது இல்லை.

ஜேட் குழுவில் பணியாற்றிய சீக்ஃபிரீட் பெத்கேயும் அவருடைய சகாக்களும் பழைய நாடாக்களைத் தேடிப் புறப்பட்டனர். தரவு இருந்தது; படிக்க வழியில்லை. மென்பொருளின் பல பகுதிகள் வழக்கொழிந்த கணினி மொழிகளில், ஐபிஎம் பெருங்கணினிக்கென்றே எழுதப்பட்டிருந்தன. மோதல்களின் செறிவைக் குறிக்கும் கோப்புகளில் ஒரு பகுதி காணாமலே போயிருந்தது. யாரோ ஒருவர் காகிதத்தில் அச்சிட்டு வைத்திருந்த பிரதி தற்செயலாகக் கிடைக்க, அந்த எண்கள் மீண்டும் கணினியில் தட்டச்சு செய்யப்பட்டன. இவ்வளவு பாடுபட்டு மீட்ட தரவிலிருந்து வெளிவந்த முடிவுகள், வலுவிசை பற்றிய அந்தக் கோட்பாட்டுக்குக் குறைந்த ஆற்றல் பகுதியில் உறுதியான சான்றாயின. கோட்பாட்டை வகுத்த டேவிட் கிராஸ், டேவிட் பொலிட்சர், ஃபிராங்க் வில்செக் மூவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓர் அறையைச் சுத்தம் செய்யும்போது அந்தக் காகிதக் கட்டைக் குப்பையில் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம்.

மூடிய கருவி கிளப்பும் வழக்கு

தரவு மீட்பு என்பது பழைய முடிவை உறுதி செய்வதற்கு மட்டும் பயன்படுவதல்ல. புதிய சர்ச்சையைக் கிளப்பவும் அது வல்லது. அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு அருகே உள்ள ஃபெர்மி ஆய்வகத்தின் 'டெவட்ரான்' முடுக்கி 2011 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. அங்கு 'சிடிஎஃப்' என்ற கருவி திரட்டியிருந்த தரவுகளை அடுத்த 10 ஆண்டுகள் அலசிய குழுவினர், 2022 ஏப்ரலில் 'டபிள்யூ' போசான் என்ற துகளின் நிறையை வெளியிட்டனர். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட போசான்களைக் கொண்டு கணக்கிட்ட அந்த நிறை, இயற்பியலின் நிலையான கோட்பாடு கூறும் அளவைவிட அதிகமாக இருந்தது. அது உண்மையானால் அரை நூற்றாண்டுக் கோட்பாட்டில் ஓட்டை விழுந்துவிட்டது என்று பொருள்.

ஆனால் ஜெனீவாவில் இயங்கும் 'சிஎம்எஸ்' குழு 2024 செப்டம்பரில் வெளியிட்ட அளவீடு கோட்பாட்டோடு ஒத்துப்போயிற்று. 'அட்லஸ்' குழுவின் முடிவும் அவ்வாறே. இரண்டு தரப்பில் ஒரு தரப்பின் கருவி இன்று இல்லை. டெவட்ரானை மறுபடி இயக்கிப் பார்த்து வழக்கைத் தீர்க்க முடியாது. தவறு எங்கே என்று கண்டறிய ஒரே வழி, பழைய தரவையும், அதை அலசிய மென்பொருளையும் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான். டெவட்ரானில் 'டிசீரோ' என்ற மற்றொரு கருவியை அமைத்து இயக்கிய கூட்டுக்குழுவில் டாடா நிறுவனம், தில்லி பல்கலைக்கழகம், பஞ்சாப் பல்கலைக்கழகம் ஆகியவை உறுப்பினர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. 1995-இல் 'டாப்' குவார்க்கைக் கண்டுபிடித்த இரு குழுக்களில் அதுவும் ஒன்று. அந்தத் தரவின் எதிர்காலத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

இதே ரகத்தில் இன்னொன்று. ஜெனீவாவின் 27 கிலோ மீட்டர் வட்டச் சுரங்கத்தில் இப்போதைய கருவிக்கு முன்பு 'லெப்' என்ற முடுக்கி 1989 முதல் 2000 வரை இயங்கியது. அதைப் பிரித்தெடுத்துவிட்டுத்தான் புதியது அமைக்கப்பட்டது. புதிய கருவியின் மோதல்களில் துகள்கள் எதிர்பாராத விதமாக ஓர் ஒழுங்கில் சிதறுவதை 2010-இல் சிஎம்எஸ் குழு கண்டது. எலெக்ட்ரான் மோதல்களிலும் அப்படி உண்டா என்ற கேள்வி எழுந்தபோது, லெப் முடுக்கியின் 'அலெஃப்' சோதனைத் தரவுகள் தூசி தட்டி எடுக்கப்பட்டன. அவற்றில் அந்த ஒழுங்கு தென்படவில்லை என்ற முடிவு 2019-இல் வெளியானது. கேள்வி பிறப்பதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே பதில் நாடாவில் இருந்தது.

ஜெர்மனியின் 'ஹெரா' 2007-லும், அமெரிக்காவின் 'பாபார்' 2008-லும் நின்று, டெவட்ரானும் முடிவை நெருங்கிய நிலையில்தான் ஆய்வகங்கள் விழித்துக்கொண்டன. துகள் இயற்பியல் தரவுகளின் நெடுங்காலப் பாதுகாப்புக்கென்று ஒரு சர்வதேச ஆய்வுக்குழு 2009-இல் அமைந்தது; 2012-இல் விரிவான திட்ட அறிக்கை தந்தது. ஒரு சோதனைக்கு ஆகும் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் பாதுகாப்புச் செலவு மிகச் சிறு பங்கே. ஆயினும் சோதனை நடக்கும்போதே அதற்கென ஆளையும் பணத்தையும் ஒதுக்காவிட்டால் பின்னர் எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை.

ஜெனீவாவின் விதி

ஐரோப்பிய அணு ஆராய்ச்சி அமைப்பான 'செர்ன்', 2014 நவம்பரில் தனது தரவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. தொடக்கத்தில் சிஎம்எஸ் குழுவின் 2010-ஆம் ஆண்டுத் தரவு மட்டுமே. 2016 ஏப்ரலில் 300 டெராபைட்டுக்கும் அதிகமான தரவு ஒரே தவணையில் வெளியானது. 2012-இல் ஹிக்ஸ் போசானைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட தரவுகளும் பின்னர் வெளியாயின. நீண்ட காலம் தயங்கி நின்ற அட்லஸ் குழு, ஆய்வுத் தரம் வாய்ந்த தன் தரவுகளை 2024 ஜூலையில் முதன்முறையாக வெளியிட்டது: 65 டெராபைட், 700 கோடி மோதல்கள்.

இது விருப்பப்பட்டவர் செய்யும் தர்மமாக நின்றுவிடவில்லை. 2020 டிசம்பரில் எழுதப்பட்ட கொள்கையாகவே ஆயிற்று. தரவு திரட்டி ஏறத்தாழ 5 ஆண்டுகள் கழித்து வெளியீடு தொடங்க வேண்டும். கூட்டுக்குழு கலையும் காலத்துக்குள் முழுத் தொகுதியும் வெளிவர வேண்டும் என்பது அதன் குறிக்கோள். எல்எச்சி முடுக்கியின் நான்கு பெரிய குழுக்களும் இதை ஏற்றுள்ளன. கருவியிலிருந்து நேரடியாக வரும் கச்சாத் தரவு மட்டும் வெளியிடப்படுவதில்லை. குழுவினருக்கே அதைக் கையாள்வது பெரும்பாடு என்பதே காரணம். அந்த முடுக்கியில் துகள் கற்றைகள் நொடிக்கு 4 கோடி முறை வரை ஒன்றையொன்று கடக்கின்றன; அவற்றில் ஆயிரம் அளவிலான நிகழ்வுகளே வடிகட்டிச் சேமிக்கப்படுகின்றன. அப்படி வடிகட்டியும் 2017 ஜூனிலேயே செர்ன் காந்த நாடாக்களில் சேர்ந்த தரவு 200 பெட்டாபைட்டைத் தாண்டிவிட்டது.

இந்தக் கொள்கையை எதிர்ப்போர் இல்லாமல் இல்லை. இருபது ஆண்டுகள் உழைத்துக் கருவியைக் கட்டியவர் ஒருபுறமிருக்க, நாற்காலியில் அமர்ந்திருப்பவர் தரவை இறக்கிக்கொண்டு பெயர் வாங்குவதா என்ற மனக்குறை பலருக்கு உண்டு. கருவியின் குறைகளை அறியாதவர் இரைச்சலைக் கண்டுபிடிப்பு என்று அறிவித்துவிடுவார் என்ற அச்சமும் உண்டு. முதலாவதற்கு அந்த 5 ஆண்டு இடைவெளியே ஓரளவு விடையாகிறது. இரண்டாவது அச்சம் நியாயமானதே. ஆனால் அமெரிக்காவின் எம்ஐடி இயற்பியலாளர் ஜெஸ்ஸி தேலரும் அவருடைய சகாக்களும் சிஎம்எஸ் திறந்த தரவுகளைக் கொண்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வு, வெளியாட்களும் பொறுப்போடு செய்ய முடியும் என்பதைக் காட்டிவிட்டது.

இதில் இந்தியாவின் பங்கு வெறும் பார்வையாளர் பங்கல்ல. செர்ன் வளாகத்தில் 2004 ஜூன் 18-ஆம் தேதி இந்தியா அளித்த நடராஜர் சிலை நிறுவப்பட்டது தமிழகத்தில் பலருக்கும் தெரியும். அந்த முடுக்கியின் கனத்த காந்தங்களைத் துல்லியமாகத் தாங்கி நிறுத்தும் 7,000-க்கும் மேற்பட்ட ஜாக்கிகள் இந்தியாவில் தயாரானவை என்பது அவ்வளவாகத் தெரியாது. 2002-இல் பார்வையாளர் தகுதி பெற்ற இந்தியா, 2017 ஜனவரியிலிருந்து இணை உறுப்பு நாடு. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துகிறது. உலகெங்கும் பரவிய செர்ன் கணினி வலையமைப்பில் கொல்கத்தாவிலும் மும்பையிலும் உள்ள இரு மையங்கள் இடம்பெற்றுள்ளன. கொல்கத்தா மையம் 'ஆலிஸ்' சோதனைக்கும், டாடா நிறுவனத்தின் மும்பை மையம் சிஎம்எஸ் சோதனைக்கும் தரவுகளைக் கையாள்கின்றன.

கூட்டுக்குழுவில் இடம்பெற்றுள்ள இந்திய நிறுவனங்கள் சிலவே. நாட்டின் பிற பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் திறந்த தரவு ஒன்றுதான் வாசல். திருநெல்வேலியிலோ, தர்பங்காவிலோ எம்எஸ்ஸி படிக்கும் மாணவர் கட்டணமின்றி, அனுமதிக் கடிதமின்றி ஹிக்ஸ் தரவைத் தொட்டுப் பார்க்கலாம். இலவசம் என்பதால் எளிது என்று நினைத்துவிடக் கூடாது. பழைய கணினிச் சூழலை அப்படியே நகலெடுத்துத் தரும் மென்பொருளையும் செர்ன் சேர்த்தே கொடுக்கிறது. எனினும் விரைவான இணைய இணைப்பும், கையைப் பிடித்து வழிகாட்டும் ஓர் ஆசிரியரும் இல்லாமல் முதல் வாரத்தைத் தாண்டுவது கடினம். வாசலைத் திறந்துவைப்பது ஜெனீவாவின் வேலை. படிக்கட்டைக் கட்ட வேண்டியது இங்கே உள்ளவர்கள்.

உதகையில் கிடைத்த இடி

உள்நாட்டில் நல்ல உதாரணங்களே இல்லை என்று சொல்வதற்கில்லை. உதகமண்டலத்தில் டாடா நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் 'கிரேப்ஸ்-3' என்ற சோதனையை நடத்துகிறது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதிப் பிறக்கும் மியூயான் என்ற துகள்களை அது எண்ணுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி மியூயான்கள். இடிமேகம் வரும்போதெல்லாம் எண்ணிக்கையில் சிறு மாறுதல் தென்பட்டது. காஸ்மிக் கதிர் ஆய்வாளருக்கு அது தொல்லை. கழித்துவிட வேண்டிய பிழை.

ஆனால் அந்தப் பிழையைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தனர். 2011 ஏப்ரல் முதல் 2014 டிசம்பர் வரை பதிவான 184 இடிமழைகளின் தரவுகளை எடுத்து அலசியதில், 2014 டிசம்பர் 1-ஆம் தேதி உதகை வானில் நின்ற மேகம் ஒன்றின் மின்னழுத்தம் சுமார் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட முடிந்தது. 2019-இல் வெளியான அந்த முடிவு, இடிமேகங்களுக்குள் அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் இருக்கலாம் என்று 1920-களில் சி.டி.ஆர். வில்சன் கூறியதற்குச் சான்றாக அமைந்தது. பலூன்களிலும் விமானங்களிலும் கருவிகளை அனுப்பி அளந்தவர்களுக்கு அதுவரை கிட்டாத எண், மலைமேல் வேறொன்றைத் தேடியவர்களின் பழைய கோப்பில் இருந்தது. ஒரு நோக்கத்துக்குத் திரட்டிய தரவு இன்னொன்றுக்குப் பயன்படும் என்பதற்கு இதைவிட வேறு நிரூபணம் வேண்டுவதில்லை. தரவைத் திரட்டிய ஆய்வகமே அதை நெடுங்காலம் தன் பொறுப்பில் வைத்திருந்ததால் இது சாத்தியமாயிற்று. ஆய்வகம் மூடப்பட்டால், அல்லது குழு கலைந்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் எழுதப்பட்ட விதி தேவைப்படுகிறது.

தில்லிக் கோப்புகள்

தலைநகரில் இதற்கான சட்டங்களும் கொள்கைகளும் முற்றிலும் இல்லை என்று கூறிவிட முடியாது. இருப்பவை இந்தத் தேவையைக் கருதி எழுதப்பட்டவை அல்ல. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம், கணினி உருவாக்கும் பதிவுகளையும் பொது ஆவணம் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. மத்திய அரசின் நிதியில் கணிசமாக இயங்கும் சட்டபூர்வ அமைப்புகளும் நிறுவனங்களும் அதன் வரம்பில் அடங்கும். விதிகளை மீறி ஆவணங்களை அழித்தால் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. சோதனைத் தரவு கொண்ட காந்த நாடாவும் இதில் அடங்கும் என்று வாதிட முடியும். ஆனால் ஜன்பத் சாலையில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் கோப்புகளையும் கடிதங்களையும் மனத்தில் கொண்டு உருவான அமைப்பு. அந்தச் சட்டம் நாடாவைக் காப்பாற்றலாம்; அதைப் படிக்கும் மென்பொருளைக் காப்பாற்றாது.

2012 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை, மக்கள் பணத்தில் திரட்டப்படும், ரகசியத் தன்மையற்ற தரவுகள் மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. அதன்படி உருவான அரசு இணையதளத்தில் மழையளவும் விலைவாசியும் மக்கள்தொகைக் கணக்கும் கிடைக்கும். பல டெராபைட் துகள் தரவையும் அதைப் புரிந்துகொள்ளும் கருவிகளையும் வைக்க வல்ல இடம் அதுவல்ல. 2020 டிசம்பர் இறுதியில் வெளியான ஐந்தாவது அறிவியல், தொழில்நுட்பக் கொள்கையின் வரைவு, பொது நிதியில் நடைபெறும் ஆராய்ச்சியின் பயன்களையெல்லாம் சேமித்துத் திறந்துவைக்க ஒரு தேசிய ஆவணக் களஞ்சியம் அமைப்பது பற்றிப் பேசிற்று. கருத்துக் கேட்பும் நடைபெற்றது.

இதற்கிடையே 2024 நவம்பர் 25-ஆம் தேதி மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களின் மாணவர்களும் ஆசிரியர்களும் படிக்க, 2025 முதல் 3 ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி. மாவட்டத் தலைநகரக் கல்லூரி மாணவருக்கு இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த இதழ்களில் வெளியாகும் கட்டுரைகளில் இந்தியர்கள் எழுதியவையும் உள்ளன. அவற்றின் அடிப்படைத் தரவு இந்திய ஆய்வகங்களில் உள்ளது. முடிவைப் படிக்க வெளிநாட்டுப் பதிப்பாளருக்குச் சந்தா கட்டுகிறோம். முடிவுக்கு ஆதாரமான தரவைக் காக்க எவ்வளவு ஒதுக்குகிறோம் என்ற கேள்வி விவாதங்களில் இடம்பெறவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்கத் தக்க கேள்வி இது. அணுசக்தித் துறை நேரடியாகப் பிரதமரின் பொறுப்பில் உள்ளது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்து வரவிருப்பவை முந்தையவற்றைவிடப் பெரிய திட்டங்கள். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் ஈர்ப்பலை ஆய்வகம் அமைக்க 2023 ஏப்ரலில் ரூ. 2,600 கோடி ஒதுக்க ஒப்புதல் கிடைத்தது. அது அமெரிக்க 'லைகோ' அமைப்பின் அங்கம் என்பதால், குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தரவை உலகுக்குத் திறக்கும் அவ்வமைப்பின் வழக்கமே இங்கும் வந்து சேரும் என எதிர்பார்க்கலாம். வெளிநாட்டாருடன் சேரும்போது விதி தானாக வந்துவிடுகிறது. முழுக்க முழுக்க நாமே நடத்தும் சோதனைகளில்தான் அது பழக்கத்தையும் தனிமனிதரின் அக்கறையையும் நம்பி நிற்கிறது.

தேனியும் மதுரையும்

முழுக்க நாமே நடத்துவது என்றால் தமிழகத்தில் உடனே நினைவுக்கு வருவது தேனி மாவட்டம் பொட்டிப்புரம். இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ ரூ. 1,500 கோடிக்கு ஒப்புதல் அளித்தது. 50,000 டன் இரும்புக் கருவி. கோலாரில் விட்ட இடத்திலிருந்து தொடர்வதே நோக்கம். மேற்குத் தொடர்ச்சி மலை, நீர்நிலைகள், வனவிலங்குகள் ஆகியவை பற்றிய அச்சங்களை முன்வைத்து எதிர்ப்பு எழுந்தது. 'பூவுலகின் நண்பர்கள்' அமைப்பின் வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. மத்திய அரசு 2018-இல் மீண்டும் அனுமதி அளித்தது. திட்டத்தை ஏற்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

மலையைக் குடைவது சரியா என்ற வாதத்தில் இரு தரப்பும் ஏராளம் பேசின. குடைந்து திரட்டப்போகும் தரவு யாருக்குக் கிடைக்கும் என்று பெரிதாக எவரும் பேசவில்லை. அந்தத் தரவு வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்குப் போகும் என்ற சந்தேகம் ஒரு கட்டத்தில் எதிர்ப்பின் பகுதியாகவே இருந்தது. தரவு எவருக்கும் திறந்திருக்கும் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தால் சுற்றுச்சூழல் கேள்விகள் தீர்ந்திருக்காது. ஆனால் ரகசியத் திட்டம் என்ற பேச்சாவது வலுவிழந்திருக்கும்.

பொட்டிப்புரத்தில் ஆய்வகம் எழும்பாத நிலையில், அந்தப் பெருங்கருவியின் 85 டன் மாதிரி மதுரையில் 2018 முதல் மியூயான்களைப் பதிவு செய்யத் தொடங்கியது. கோலாரின் விளங்காத நிகழ்வுகளைச் சோதித்துப் பார்க்கத் தகுந்த இடமாக மூர்த்தியும் ராஜசேகரனும் தங்கள் கட்டுரையில் கருதியது தேனியில் அமைய வேண்டிய ஆய்வகத்தைத்தான். அது வரும்வரை, அந்த நிகழ்வுகளைப் பற்றி ஆதரித்தோ மறுத்தோ வாதிட விரும்பும் எவருக்கும் 1970-களின் அந்தப் பழைய பதிவுகளை விட்டால் வேறு கதியில்லை.